சாப்பாட்டு மேசைக்கு வந்த ஆவி: திரைக் கேள்வி–பதில்

தாய்லாந்து இயக்குநர் அபிச்சாட்போங் வீரசேதகுல் 2010-இல் எடுத்த ‘தன் முற்பிறவிகளை நினைவுகூரும் பூன்மீ மாமா’ என்ற படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு, நான் எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. சிறுநீரகம் பழுதாகி, நாள் நெருங்கிவிட்டது என்று அறிந்துகொண்ட ஒரு விவசாயி, தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்று அழைக்கப்படும் பகுதியில், தன் புளியந்தோப்பில் கழிக்கும் கடைசி நாட்கள்தான் படம். இறந்துபோன மனைவி ஆவியாக வருகிறார். காணாமற்போன மகன் குரங்கு உருவில் வருகிறான். படத்தை முழுவதும் பார்த்தவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: படத்தின் பெயரில் ‘முற்பிறவிகளை நினைவுகூரும்’ என்று இருக்கிறது. ஆனால் பூன்மீ ஓரிடத்திலும் உட்கார்ந்து, போன பிறவியில் நான் இன்னாராக இருந்தேன் என்று கதை சொல்லவில்லையே. பெயர் வெறும் கவர்ச்சிக்காகத்தானா?
— வாசகர், திருச்சி

பதில்: பெயரைத் தாய்லாந்து மொழியிலேயே கேட்டுப் பாருங்கள்: ‘லுங் பூன்மீ ரலுக் சாட்’. ‘லுங்’ என்றால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணன். நாம் பெரியப்பா என்றும் பெரிய மாமா என்றும் பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ‘பூன்’ நம் புண்ணியம், ‘மீ’ என்றால் உடைமை. ஆக, பூன்மீ என்பவர் நம் ஊர்ப் புண்ணியமூர்த்திதான். ‘ரலுக்’ நினைவுகூர்தல். ‘சாட்’ என்பது பாலி மொழியின் ‘ஜாதி’, அதாவது பிறவி; அதே சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் ‘தேசம்’ என்ற பொருளும் உண்டு. இந்த இரண்டாவது பொருளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

கதையின் மூலம் ஒரு புத்த பிக்கு. இயக்குநரின் வீட்டுக்கு அருகிலிருந்த விகாரையின் தலைமைப் பிக்கு, தியானம் கற்க வந்த பூன்மீ என்ற முதியவரைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். கண்ணை மூடினால் தம் பழைய பிறவிகள் படம் ஓடுவது போலத் தெரிகின்றன என்று அந்த முதியவர் சொன்னாராம். எருமையாக இருந்தது, பசுவாக இருந்தது, உடலில்லாமல் ஈசான் சமவெளியில் அலைந்தது எல்லாம் அதில் அடக்கம். பிக்கு அவற்றைத் தொகுத்து 1983-இல் ஒரு சிறு நூலாக்கினார். அந்த நூலை இயக்குநர் படித்தபோது முதியவர் உயிருடன் இல்லை. எனவே அவருடைய வாக்குமூலத்தைப் படமாக்குவதை விட்டுவிட்டு, அந்த ‘படம் ஓடுவது போல’ என்ற உவமையைப் பற்றிக்கொண்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தொடக்கத்தில் கயிற்றை இழுத்து விடுவித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் எருமையும் நடுவில் வரும் இளவரசியும் யாருடைய நினைவு என்று படம் சொல்வதில்லை. நினைவுகூர்பவர் பூன்மீயாக இருக்கலாம், திரையாகவும் இருக்கலாம்.

கேள்வி: உண்மையைச் சொல்கிறேன், நாற்பதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது. இதற்கு எப்படிக் கான் விழாவில் முதல் பரிசு கொடுத்தார்கள்?
— வாசகர், மதுரை

பதில்: வெட்கப்பட வேண்டாம், முதல் முறை நானும் தூங்கினேன். தம் படங்களைப் பார்க்கும்போது தூங்கிவிடுகிறவர்கள் மீது தமக்கு வருத்தமே இல்லை என்று பலமுறை சொன்னவர் இந்த இயக்குநர். 2018-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின்போது, பெரிய திரைக்கு எதிரே கட்டில்களைப் போட்டு, பார்வையாளர்கள் இரவு முழுவதும் படுத்துறங்கிக்கொண்டே படிமங்களைப் பார்க்கும்படி ஒரு விடுதியையே அமைத்துக் காட்டினார்.

ஆனால் நீங்கள் சொன்னதில், வேறு படம் ஓடியது போல இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது உறக்கக் கலக்கத்தில் தோன்றிய மயக்கம் அல்ல. 16 மில்லிமீட்டர் சுருளில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தை ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் ஆறு சுருள்களாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு சுருளுக்கும் தனி நடை கொடுத்திருப்பதாக இயக்குநரே விளக்கியிருக்கிறார். முதற்சுருள் அவருக்கு வழக்கமான, விலங்குகளையும் பயணங்களையும் நின்று பார்க்கும் நடை. இரண்டாவது, நடிகர்கள் விறைப்பாக உட்கார்ந்து வசனம் பேசும் பழைய சினிமா. மூன்றாவது, தோப்பு வேலையைப் பதிவுசெய்யும் ஆவணப்படம். நான்காவது, பல்லக்கும் நகைகளுமாக ராஜா ராணிப் படம். அதன்பின் காடும் குகையும். கடைசியில் ஒரு ஓட்டல் அறை. செத்துக்கொண்டிருப்பவர் பூன்மீ மட்டுமல்லர், சுருளில் எடுக்கும் சினிமாவும்தான் என்று அப்போது அவர் சொன்னார். ஒரு படம் தன் ஆயுளுக்குள்ளேயே ஆறு முறை உடல் மாற்றிக்கொள்கிறது; மறுபிறப்பைப் பற்றி வசனம் பேசாமல் அதைச் செய்து காட்டுகிறது என்பதால்தான் இதைச் சோதனை முயற்சி என்கிறோம். அந்த ஆண்டு கான் நடுவர் குழுவின் தலைவராக இருந்தவர் அமெரிக்க இயக்குநர் டிம் பர்ட்டன். அவ்விழாவின் முதல் பரிசான தங்கப் பனை விருது ஒரு தாய்லாந்துப் படத்துக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

கேள்வி: என் கணவர் கடைசி ஓராண்டு வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொண்டவர். அவர் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் மகள்தான் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஆவி வரும் காட்சியில் எல்லோரும் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். எனக்கோ, இவருக்கு மட்டும் திரும்பி வந்துவிட்டார்களே என்று பொறாமையாக இருந்தது. இப்படித் தோன்றுவது சரியா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் இரண்டு மூன்று முறை படித்தேன். அந்தக் காட்சியைச் சரியாகப் பார்த்தவர் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரவு. வீட்டின் திறந்த தாழ்வாரத்தில் ஒரு மேசை. பூன்மீ, மனைவியின் தங்கை ஜென், உறவுக்காரப் பையன் டோங் ஆகிய மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் பூச்சிகளின் இரைச்சல். காலியாக இருக்கும் நாற்காலியில், தண்ணீரில் சாயம் கரைவதற்கு நேர்மாறாக, ஒரு பெண்ணுருவம் மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. வந்தவர் 19 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனைவி ஹுவாய். ஒரு கணம் திடுக்கிடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த நிமிடம், வெளியூர் போய் வந்தவரிடம் பேசுவது போலப் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. நம் பேய்ப் படங்கள் கற்றுக்கொடுத்த ஒலியும் ஒளியும் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் மாடிப்படியில் இரண்டு சிவந்த கண்கள் ஏறி வருகின்றன. அது மகன் பூன்சோங். காட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தில் தென்பட்ட குரங்காவிகளைத் தேடிப் போய், அவற்றுள் ஒன்றையே மணந்து, உடம்பெல்லாம் மயிர் முளைத்துத் திரும்பியிருக்கிறான். அதையும் அந்த மேசை ஏற்றுக்கொள்கிறது.

ஹுவாய் வந்தபின் என்ன செய்கிறார் என்பதுதான் நீங்கள் உடனே கண்டுகொண்டிருக்கக்கூடியது. அவர் ஆசி வழங்கவில்லை, ரகசியம் எதையும் சொல்லவில்லை. கணவரின் டயாலிசிஸ் வேலையை எடுத்துக்கொள்கிறார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, அது உடலின் கழிவை இழுத்துக்கொண்டதும் மறுபடி வெளியே வடித்து, பையை மாற்றுகிற அந்த வேலையை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்ய வேண்டும், எவ்வளவு சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுவரை அதைச் செய்துவந்தவன், பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த ஜாய் என்ற லாவோஸ் தொழிலாளி. இயக்குநரின் தந்தையும் சிறுநீரக நோயால் இறந்தவர்; அந்த அறையில் குழாய்க்கும் பைக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் கவனம் பார்த்துப் பழகிய ஒருவருடையது.

பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடி பூன்மீ மனைவியைக் கட்டிக்கொண்டு கேட்கும் கேள்வி, இந்தப் படத்தின் ஒரே காதல் வசனம்: நான் செத்தபின் உன்னை எங்கே வந்து தேடுவது, சொர்க்கத்திலா? அதற்கு ஹுவாய், சொர்க்கத்தைப் பற்றி இல்லாததெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள், அங்கே ஒன்றுமில்லை என்கிறார். ஆவிகள் இடங்களைப் பற்றிக்கொண்டிருப்பதில்லை, உயிரோடிருக்கும் மனிதர்களைத்தான் பற்றிக்கொண்டிருக்கும் என்றும் சொல்கிறார். இதைக் கேட்டபின் பூன்மீக்கு ஆறுதல் உண்டாகிறதா என்று பாருங்கள், உண்டாவதில்லை. தானும் இறந்துவிட்டால் பற்றிக்கொள்ள ஆள் யார்? சேர்ந்துவிடுவோம் என்று கதை முடிந்திருந்தால் எத்தனையோ இனிப்பான படங்களில் இதுவும் ஒன்றாகியிருக்கும். பூன்மீ சாவதற்காகப் போய்ச் சேரும் குகைக்குள், கடைசி இரவில் குழாயைத் திறந்து, உடலில் இருந்த நீரையெல்லாம் தரையில் ஓடவிடுவதும் ஹுவாய்தான். கொல்கிறாரா, விடுவிக்கிறாரா என்று விவாதிப்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது அன்று காலை செய்த அதே வேலைதான். திரும்ப நிரப்பவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

உங்கள் பொறாமையில் தவறு எதுவும் இல்லை, அம்மா. அந்த நாற்காலியை இயக்குநர் காலியாக விட்டு வைத்த நேரம் அப்படித் தோன்றுவதற்காகத்தான்.

கேள்வி: குகைக் காட்சியின் நடுவே திடீரென்று ராணுவ உடையணிந்த இளைஞர்களின் புகைப்படங்கள் வருகின்றன. ஒரு குரங்கு வேடக்காரனைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறார்கள். கதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இங்கேதான் ‘சாட்’ என்ற சொல்லின் இரண்டாவது பொருளான ‘தேசம்’ வருகிறது. பூன்மீ தம் நோய்க்குக் காரணமாகச் சொல்வது என்ன? தோப்பில் பூச்சிகளைக் கொன்றதும், அதற்கு முன் கம்யூனிஸ்டுகளைக் கொன்றதும் சேர்ந்த கர்மவினை என்கிறார். நல்ல எண்ணத்தோடுதானே கொன்றீர்கள் என்று ஜென் சமாதானம் சொல்கிறார். இரண்டு கொலைகளும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. பூச்சிக் கணக்கும் மனிதக் கணக்கும் ஒரே பேரேட்டில் இருப்பதைக் கேட்டு முதல் முறை நான் சிரித்தேன், இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை.

ஈசானுக்கு இது வெறும் கதை அல்ல. நக்கோன் பனோம் மாகாணத்தில் நபுவா என்றொரு கிராமம் இருக்கிறது. 1965 ஆகஸ்டு 7 அன்று கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையே முதல் துப்பாக்கிச் சண்டை அங்கேதான் நடந்தது. ‘துப்பாக்கி வெடித்த நாள்’ என்றே தாய்லாந்து மொழியில் அதற்குப் பெயர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ராணுவம் ஊரைப் பிடித்துவைத்துக்கொள்ள, ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஊருக்குள் நுழையும் ஆண்களைக் கவர்ந்து மறைத்துவிடும் விதவைப் பேய் ஒன்று உண்டு என்பது அந்தப் பகுதியின் பழங்கதை. ஆண்களே இல்லாமற்போய், நிஜமாகவே விதவைகளின் ஊராகிவிட்ட நபுவாவில் அந்தக் கதையை இயக்குநர் கேட்டுக்கொண்டார். பூன்மீயைத் தேடி ஈசானில் அலைந்தவர், நபுவாவில் தங்கி, அந்த விவசாயிகளின் பேரப்பிள்ளைகளை வைத்து ‘ப்ரிமிட்டிவ்’ என்ற பெயரில் 2009-இல் காணொளிக் காட்சி ஒன்றையும், அதையொட்டிக் குறும்படங்களையும் உருவாக்கினார். அந்த வேலையின் கடைசிக் கண்ணிதான் இந்தப் படம். நீங்கள் பார்த்த புகைப்படங்களில் சீருடை மாட்டிக்கொண்டு நிற்பவர்களும் அத்தகைய இளைஞர்களே.

அந்தப் படங்களின் மேல் ஒலிக்கும் பூன்மீயின் குரல் ஒரு கனவைச் சொல்கிறது. எதிர்காலத்து நகரம் ஒன்றை ஆள்பவர்கள் யாரையும் மறையச் செய்யக் கூடியவர்கள். ‘கடந்த காலத்து மனிதர்’ யாராவது அகப்பட்டால் அவர் மீது ஒளியைப் பாய்ச்சுவார்கள். அந்த ஒளி அவருடைய வாழ்வைத் திரையில் படமாக ஓட்டும். படம் ஓடி முடிந்ததும் ஆளே இல்லாமற்போவார். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இது சினிமாக் கொட்டகையின் வருணனையும்தான். பிறவிகளை மறந்தவனுக்கு அவற்றைக் காட்டுவது ஒளி; மனிதர்களை மறையச் செய்வதும் அதே ஒளி. தம் கலையைப் பற்றி இவ்வளவு கசப்பான ஒன்றைத் தம் படத்துக்குள்ளேயே வைத்த இயக்குநர்கள் அதிகம் இல்லை. படம் கான் விழாவில் காட்டப்பட்ட அதே வாரத்தில், 2010 மே 19 அன்று, பாங்காக்கில் அரசை எதிர்த்துத் திரண்ட செஞ்சட்டைக்காரர்களின் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: படத்தின் நடுவே வரும் அருவிக் காட்சியில் இளவரசியோடு கூடும் கெளுத்தி மீன்தான் பூன்மீயா? அல்லது இளவரசியா? அல்லது பல்லக்குத் தூக்கியா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: மூன்றும் இருக்கலாம். அருவியே பூன்மீ என்று சாதித்தவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். விடை தேடுவதை விட, வடுக்கள் நிறைந்த முகத்தோடு வந்த அந்தப் பெண், தண்ணீரில் தெரிந்த அழகிய முகம் தன்னுடையதல்ல என்று தெரிந்தும், நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நீருக்குள் விடும் அந்த நிதானத்தைப் பாருங்கள்.

கேள்வி: முற்பிறவி உணர்தல் நமக்குப் புதிதல்ல. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலையும் தன் முற்பிறப்பை அறிந்தாள். இந்தப் படத்தை மணிமேகலையோடு ஒப்பிடலாமா?
— தமிழாசிரியை, கும்பகோணம்

பதில்: தாராளமாக ஒப்பிடலாம், ஆனால் ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையில்தான் பயன் அதிகம். முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும், கணவன் இராகுலனே இப்போது உதயகுமரனாகத் தன்னைச் சுற்றி வருகிறான் என்பதையும் மணிமேகலை அறிகிறாள். காஞ்சனன் வாளால் உதயகுமரன் வெட்டுண்டு வீழ்ந்தபோது அவள் ஓடிச் சென்று அழுவதும், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அவளைத் தடுத்து வினையின் கதையை எடுத்துரைப்பதும் நீங்கள் வகுப்பில் நடத்தும் பகுதிகளே. அங்கே முற்பிறவி அறிவு, பற்றை அறுப்பதற்கான பாடம். பிறவிகளை அடுக்கிக் காட்டுவதே அவற்றிலிருந்து வெளியேறத்தான். பூன்மீக்கோ பாடம் சொல்ல ஒரு பாவை இல்லை. குகை கருப்பையைப் போல இருக்கிறது, இங்கேதான் நான் பிறந்தேன், மனிதனாகவா விலங்காகவா, ஆணாகவா பெண்ணாகவா என்பது நினைவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அறிவு பாதியில் நின்றுவிடுகிறது, பற்று அப்படியே இருக்கிறது. சாத்தனார் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் இன்னும் நான்கு காதைகள் தேவை என்று சொல்லியிருப்பார்.

ஒன்று மட்டும் கூடுதலாக: கடலில் தவிப்பவரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தைத் தாய்லாந்து மக்களும் அறிவார்கள், மேக்கலா என்ற பெயரில், மின்னலுக்கு உரிய தெய்வமாகவும் அவர்களிடையே அவள் வழங்குகிறாள்.

கேள்வி: பூன்மீ இறந்தபின் படம் முடிந்திருக்கலாமே? ஓட்டல் அறையில் பணம் எண்ணுவதும், ஒரே ஆள் இருவராகப் பிரிவதும் எதற்கு?
— வாசகி, சென்னை

பதில்: ஈமச்சடங்கில் கலர் பல்புகள் மினுக்கும் சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குப் பிந்தைய அந்தப் பகுதி இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. ஜென் கட்டிலில் உட்கார்ந்து மொய்க் கவர்களைப் பிரித்து எண்ணுகிறார். சாவு வீட்டுக்கு மறுநாள் நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பிக்குவாகத் துவராடை தரித்திருக்கும் டோங், விகாரையில் தூக்கம் வரவில்லை என்று வந்து, குளித்துவிட்டு ஜீன்ஸ் மாட்டிக்கொள்கிறான். சாப்பிடப் போகலாம் என்று எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தால், தாங்களே இன்னமும் கட்டிலில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாகாமலேயே ஒரு பிறவி இரண்டாகக் கிளைத்துவிடுகிறது. ஒருவர் உணவகத்துக்குப் போகிறார், மற்றவர் செய்தியில் கண் பதித்திருக்கிறார். நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை, ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படுவது போலத்தான் பிறவி தொடர்கிறது என்ற பௌத்தக் கொள்கையை இவ்வளவு சாதாரணமாக, குளியலறைக் கதவுக்கும் டிவிக்கும் இடையில் வைத்துக் காட்ட முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கேள்வி: இவருடைய வேறு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?
— வாசகர், சேலம்

பதில்: 2006-இல் வந்த ‘சிண்ட்ரோம்ஸ் அண்டு எ செஞ்சுரி’. மருத்துவர்களான தம் பெற்றோர் காதலித்த நாட்களைக் கற்பனையில் மீட்டு எடுத்தது. முற்பாதியில் கிராமத்து மருத்துவமனையில் நடந்தவை பிற்பாதியில் நகரத்து மருத்துவமனையில், வேறொரு காலத்தில், சிறு மாற்றங்களோடு மறுபடி பிறக்கின்றன. தாய்லாந்துத் தணிக்கைக் குழு, பிக்கு கிட்டார் வாசிப்பது, மருத்துவர்கள் மது அருந்துவது உள்ளிட்ட காட்சிகளை நீக்கச் சொன்னது. பின்னர் உள்நாட்டில் திரையிட்டபோது, வெட்டப்பட்ட இடங்களை ஒட்டி மறைக்காமல், அந்தந்த நேரத்துக்கு ஓசையில்லாத கறுப்புச் சுருளை ஓடவிட்டார். வெட்டுப்படாத பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் இல்லாமல் பார்த்தால் பூச்சிகளின் சத்தம் படத்திலிருந்து வருகிறதா ஜன்னலிலிருந்து வருகிறதா என்று தெரியாத ஒரு நேரம் வரும்.